கரி பஸ்ஸும் என் கண் இமைகளும்

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்கும் ஒருவனைப் பார்த்து, உன் கண் வறண்டு போயிருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு முக்காலியை உதைத்துவிட்டு எழுந்து வந்துவிடலாம் போல் இருந்தது. மூக்கு நுனியில் சொட்டிய நீரைத் துண்டால் துடைத்துக்கொண்டே, இந்த மனிதர் படித்துத்தான் டாக்டர் ஆனாரா என்று யோசித்தேன். இப்போது கண் தெளிந்து, எழுத்து எழுத்தாகத் தெரிகிற நேரத்தில், அந்த நாட்களை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கண் எரிச்சலோடு காலம் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். நான் பட்ட பாட்டில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

நான் பஸ் டிரைவர். திருத்தணியில் கிளம்பி, கனகம்மாசத்திரம் வழியாகத் திருவள்ளூர் வரை போய்த் திரும்பும் வண்டி. யுத்தம் வந்ததும் பெட்ரோல் கண்ணில் காணக் கிடைக்காமல் போயிற்று. பஸ்ஸின் பின்பக்கம் ஒரு பெரிய இரும்பு டிரம்மைக் கட்டி, அதில் அடுப்புக் கரியைக் கொட்டி எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டச் சொன்னார்கள். ஜனங்கள் அதற்குக் கரி பஸ் என்று பெயர் வைத்தார்கள். காலையில் வண்டியைக் கிளப்புவதற்குள் நானும் கண்டக்டர் முனிரத்னமும் டிரம்முக்குக் காற்று ஊதும் காற்றாடியைச் சுற்றிச் சுற்றி, சாம்பலைக் கிளறி, முகமெல்லாம் கரியாகி, கூத்துக்கு வேஷம் கட்டினவர்கள் மாதிரி ஆகிவிடுவோம். மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்கும். பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். வெயில் காலத்தில் உள்ளே வெந்துபோகும் என்று முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டுவேன். ரோட்டுப் புழுதி, பின்னாலிருந்து வரும் சாம்பல், எதிர்க்காற்று எல்லாம் நேராக என் கண்ணுக்குத்தான்.

முனிரத்னம் என் மனைவி மங்காவின் தம்பி. மங்கா என் சொந்த அத்தை மகள். அக்காள், தம்பி இரண்டு பேருக்கும் நான் ‘பாவா’, அதாவது தெலுங்கில் அத்தான். மங்கா என்னோடு கூடவே வளர்ந்தவள் என்பதால், எனக்குத் தரும் மரியாதை எல்லாம் அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

முதலில் கண்ணில் மணல் விழுந்தது போல் ஓர் உறுத்தல். பிறகு சாயங்காலமானால் எரிச்சல். பிறகு நாள் முழுக்கத் தண்ணீர். காலையில் இமைகள் பசை போட்டது போல் ஒட்டிக்கொண்டிருக்கும். இமை ஓரம் சிவந்து தடித்து, மயிர்க்காலில் தவிடு போல் செதில் படிந்திருக்கும். கசக்கினால் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்துக்காகவே கசக்குவேன்.

வீட்டில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. எங்கள் தெருவில் யாருக்குக் கண் சிவந்தாலும் ஒரே தீர்ப்புதான், உடம்புச் சூடு. சூட்டுக்குக் குளிர்ச்சி. தலைக்கு எண்ணெய் தேய்த்து முழுக்காட்டினாள் மங்கா. ராத்திரி நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டினாள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் போய்ச் சங்கில் தாய்ப்பால் வாங்கி வந்து ஊற்றினாள். இதெல்லாம் போதாதென்று, கற்பூரம் எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, கண்ணுக்குள் குளுகுளுவென்று இருக்கும் என்று இமை ஓரம் முழுக்க மையாகத் தீட்டினாள். ஆக, பகலெல்லாம் பஸ் கரி, ராத்திரியெல்லாம் வீட்டுக் கரி. மை தீட்டிய கண்ணோடு காலையில் டிரைவர் சீட்டில் ஏறினால் முனிரத்னம் சும்மா இருப்பானா?

"பாவா, இன்னிக்கு கூத்துல நீ திரௌபதியா, சுபத்திரையா?" என்பான்.

சிரித்துச் சமாளித்தேன். கனகம்மாசத்திரத்துக்கு முன்னால் இருக்கும் வளைவில் ஒருநாள் சிரிப்பெல்லாம் அடங்கிற்று. பொழுது சாயும் நேரம். எதிரே கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி வந்தது. எனக்கு அது ஒரு புளியமரத்தின் நிழல் போல் மங்கலாகத்தான் தெரிந்தது. மாட்டின் கொம்பு தெரிந்தபோது அது பஸ்ஸின் மூக்குக்கு எதிரே இருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். பஸ் சாலையை விட்டு இறங்கி ஒரு வேலிக்குள் நின்றது. யாருக்கும் அடியில்லை. கூரைமேல் இருந்த கோழிக்கூடை விழுந்து, கோழிகள் வயலெல்லாம் ஓடின. வண்டிக்காரர் என்னைத் திட்டக்கூட இல்லை. நடுங்கிக்கொண்டே மாட்டைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய் நுகத்தடியைப் பிடித்து, அவர் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

பஸ் முதலாளி நாயுடு நல்ல மனிதர். மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மோர் கொடுத்த பிறகே பேசினார்.

"தொர, உன் கையி மேல எனக்கு சந்தேகமில்ல. கண்ணு மேலதான். பட்டணம் போயி காட்டிகினு வா. அதுவரைக்கும் வண்டிய நானே ஓட்டிக்கறேன். ஆனா ஆடிக் கிருத்திகைக்குள்ள உன் கண்ணு சரியாவணும். அந்தக் கூட்டத்த என்னால இஸ்துகினு போவ முடியாது. சரியாவலன்னா வேற ஆளப் போட்ருவேன். அப்புறம் அவன எறக்க முடியாது, பாத்துக்க."

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊர் மலைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். சாலை முழுக்கத் தலைதான். அதில் பஸ் ஓட்டக் கண் இரண்டு போதாது. எனக்கோ ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தவிர வேறொன்றும் தெரியாதவன் நான். வீட்டுக்கு வந்து மங்காவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. வாசலில் நின்று மலையைப் பார்த்து, "பாவா கண்ணு குணமாச்சின்னா வெள்ளியில கண்மலரு செஞ்சி சாத்தறேன், சாமி" என்று வேண்டிக்கொண்டு உள்ளே வந்து துணிமூட்டை கட்டினாள்.

பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரியில் விடிவதற்குள் வரிசை வந்துவிடுகிறது. நீள நீளமான பெஞ்சுகள். அத்தனை பேரும் ஏதோ ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு பெஞ்சு நகர்ந்தால் எல்லோரும் ஒரு சாண் நகர்வோம். மங்கா புளிச்சோற்றை அவிழ்த்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கொடுத்தாள். அதற்குப் பலனாக அவரவர் கண்ணின் கதை முழுவதையும் கேட்கும்படி ஆயிற்று.

உள்ளே இருட்டறை. ஒரு பெரிய பூதக்கண்ணாடி, அதன் பக்கத்தில் கத்தி போல் மெல்லிய வெளிச்சம். மோவாயை ஒரு பலகையில் வைக்கச் சொன்னார்கள். கண்ணில் ஏதோ சாயம் விட்டார்கள். துண்டில் துடைத்தால் பச்சைக்கிளி நிறம். டாக்டர் பருத்த மனிதர், குரல் மட்டும் மெல்லியது. வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"உன் கண்ணு வறண்டு போயிருக்குப்பா."

"தண்ணி ஊத்திகினு கீதுங்களே, சார்!"

"அதனாலதான் ஊத்தறது" என்றார். கோபப்படாமல் விளக்கினார். இமையின் ஓரத்தில், மயிருக்கு உட்புறமாக, ஊசி முனை அளவுக்கு வரிசையாகத் துளைகள் இருக்கின்றனவாம். அவற்றிலிருந்து எண்ணெய் போல் ஒன்று கசிந்து, கண்ணீரின் மேல் மெல்லிய போர்வையாகப் படியுமாம். அந்தப் போர்வை இருந்தால்தான் கண்ணில் ஈரம் நிற்கும். என் இமைத் துளைகள் எல்லாம் அடைத்துப் போய்விட்டன. போர்வை இல்லாத ஈரம் காற்றில் காய்கிறது. காய்ந்தவுடன் கண் பயந்துபோய்க் குடம் குடமாகத் தண்ணீரை அனுப்புகிறது. அதுவும் நிற்காமல் கன்னத்தில் ஓடிவிடுகிறது. இமைமேல் இருக்கும் தவிடு, தலையில் வரும் பொடுகு போன்றதுதான். எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த இமை உள்ளே மடிந்து சில மயிர்கள் கருவிழியை உரசிக்கொண்டிருந்தன. நான் கசக்கிக் கசக்கி, கருவிழியில் ஒரு சின்னப் புண்ணும் வந்துவிட்டது.

"இந்தப் புண்ணு ஆறலைன்னா தழும்பு விழும். தழும்பு நடுவிலே விழுந்தா பார்வை போயிடும். வார்டிலே படு" என்றார்.

அதுவரை வேலை போய்விடுமே என்று மட்டும் பயந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் கண்ணே போய்விடலாம் என்று தெரிந்தது. மங்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவள் நினைக்கவே இல்லை.

வார்டில் பட்டது கொஞ்சமல்ல. சாமணத்தால் உள்மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். இமையைப் புரட்டி, கண்ணாடிக் குச்சியை உள்ளே கொடுத்து, வெளியிலிருந்து விரலால் அழுத்துவார்கள். அடைத்த துளைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக இடியாப்பம் பிழிந்தது போல் வந்தது என்று மங்கா சொன்னாள். அதன் பிறகு வெகுநாள் அவள் வீட்டில் இடியாப்பம் செய்யவில்லை. பிறகு மஞ்சள் நிறத்தில் ஒரு களிம்பு. புண் இருந்த கண்ணுக்குக் கட்டு. இன்னொரு கண்ணையும் மூடியே வைத்திருக்க வேண்டும். இரவில் கட்டுக்குள் கண் துடிக்கும். விடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காப்பி வாளியின் சத்தம் வந்தால் விடிந்துவிட்டது. அவ்வளவுதான் என் கடிகாரம்.

பக்கத்துக் கட்டிலில் தேவசகாயம் என்று ஒரு மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்திருந்தார்கள். இருமக்கூடாது, தும்மக்கூடாது, சிரிக்கக்கூடாது. நானோ வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவன். கோழிகள் வயலில் ஓடிய கதையை ஆரம்பித்தேன். அந்த மனிதர் சிரிப்பை அடக்க முடியாமல், "ஐயா, ஏசுவின் நாமத்தில் கேட்டுக்கறேன், நிறுத்தும்!" என்று கெஞ்சினார். நர்ஸ் ஓடி வந்து என்னைத்தான் திட்டினாள். அவர் தினமும் காலையில் எனக்காகவும் சேர்த்து ஜெபம் செய்வார். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே என்று மங்காவிடம் கேட்டார்.

"நல்லா செய்யுங்க ஐயா. எந்தச் சாமி மொதல்ல கேக்குதோ கேக்கட்டும். கண்மலரு மட்டும் மலைக்குத்தான்" என்றாள் மங்கா.

கட்டு அவிழ்த்த பிறகு டாக்டர் ஒரு விஷயம் கவனித்தார். நான் கண்ணையே சிமிட்டுவதில்லையாம். சாலையை வெறித்துப் பார்த்துப் பார்த்துப் பழகியவன், இமைப்பதையே மறந்திருந்தேன். இமை மூடித் திறந்தால்தான் அந்த எண்ணெய் கண்முழுக்கப் பரவும். இனி வேண்டுமென்றே சிமிட்டிப் பழகு, முழுசாக மூடித் திற என்றார். நான் உடனே பாடத்தைத் தொடங்கினேன். எதிரில் மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் நின்றாள். திரும்பவும் சிமிட்டினேன். அவள் மங்காவிடம் போய், "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு நல்லாவே தேறிடுத்தும்மா" என்றாளாம். அதை இன்றைக்கும் மங்கா உறவுக்காரர்கள் வந்தால் சொல்லிக் காட்டுவாள்.

புண் ஆறிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றபோது டாக்டர் சொல்லி அனுப்பியது இதுதான்: காலையும் மாலையும் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் பொறுக்கும் சூட்டில் வைத்து எடுக்க வேண்டும். அது ஆறினால் திரும்ப நனைக்க வேண்டும். பிறகு இமையை மெல்ல நீவிவிட்டு, சோடா உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரால் ஓரத்தைத் துடைக்க வேண்டும். மை கூடாது. கசக்கக் கூடாது. கொஞ்ச நாள் கழித்து வந்து காட்ட வேண்டும்.

ஊர் திரும்பினோம். முதலில் நன்றாக இருந்தது. பிறகு மெல்ல மெல்லப் பழைய உறுத்தல் எட்டிப் பார்த்தது. இமை ஓரம் மறுபடி சிவந்தது. முனிரத்னம் என் கண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். கேலி பேசாத முனிரத்னத்தைப் பார்த்து எனக்குக் கிலி பிடித்தது. ஆடி பிறந்துவிட்டது. முதலாளி வேறு ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார் என்றும் காதில் விழுந்தது. அடுத்த ரயிலில் பட்டணத்துக்கு ஓடினோம்.

டாக்டர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "ஒத்தடம் குடுத்தியா?" என்று கேட்டார். நான், "குடுத்தோம் சார்" என்றேன். மங்கா குறுக்கே புகுந்தாள்.

"குடுத்தேன் சாமி. நீங்க வெந்நீன்னு சொன்னீங்க. எனக்கு மனசு வரல. ஏற்கெனவே சூட்டுல எரிஞ்சிகினு கீற கண்ணு, அது மேல சூடு வெச்சா இன்னாவும்? அதான் வெந்நிய ஆற வெச்சி, பன்னீர் கலந்து, ஜில்லுனு ஒத்துனேன்."

எனக்கும் தெரியும். ஜில்லென்று வைக்கும்போது இதமாக இருந்தது. இவள் செய்வதுதான் சரி என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். சூடு என்றால் குளிர்ச்சி என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. அதை ஒரு டாக்டர் வார்த்தையில் விட்டுவிட முடியுமா?

டாக்டர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை மங்கா பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மார்கழி மாசத்திலே உங்க வீட்டு நெய் எப்படிம்மா இருக்கும்?"

"ஒறஞ்சி கல்லாட்டம் கெடக்கும்."

"கிண்ணத்திலேருந்து எப்படி ஊத்துவே?"

"அடுப்பாண்ட வெச்சா உருகிடும். அப்புறம் ஊத்துவேன்."

"பன்னீரை ஊத்தினா?"

மங்கா வாயைத் திறந்தாள், மூடினாள். என் முகத்தைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். "அய்யய்யோ, இமைக்குள்ள நெய்யா ஒறஞ்சி கீது?" என்றாள்.

"அதேதான்" என்றார் டாக்டர்.

எனக்கு அத்தனை விளக்கம் சொல்லியும் ஏறாதது அவளுக்கு ஒரு கிண்ணம் நெய்யில் ஏறிவிட்டது. அவள் அதோடு விடவில்லை. "அப்ப எவ்ளோ நாளு வெக்கணும் சாமி? எப்ப குணமாவும்?" என்று கேட்டாள்.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "குணம்னு சொல்ல மாட்டேன். தினமும் பல்லு தேய்க்கறோமில்லையா, அது மாதிரி. செய்யற வரைக்கும் கண்ணு நல்லா இருக்கும். விட்டா திரும்ப வரும். பஸ் ஓட்டலாம், படிக்கலாம், எல்லாம் செய்யலாம். ஆனா ஆயுசுக்கும் செய்யணும்."

ரயிலில் திரும்பி வரும்போது மங்கா ஜன்னல் வழியாக மலையைத் தேடிக்கொண்டே வந்தாள். அரக்கோணம் தாண்டியதும் மெதுவாக, "குணமாச்சின்னா சாத்தறேன்னு வேண்டிகினேன். குணமே ஆவாதுன்னா எப்ப சாத்தறது?" என்றாள்.

அன்று முதல் அவள் பிடித்த பிடியை என்னவென்று சொல்வது! விடிந்ததும் அடுப்பில் வெந்நீர். பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்துக் காயவைத்த துண்டுகள், இந்தக் கண்ணுக்கு ஒன்று, அந்தக் கண்ணுக்கு ஒன்று. தன் முழங்கைக்குள் சூடு பார்த்துவிட்டுத்தான் வைப்பாள். நான் போதும் என்றால், "நெய் உருகல, படு" என்பாள். கற்பூர மை டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தாள். தெருப் பெண்கள் வந்து, கண்ணுக்குப் போய்ச் சூடு வைக்கிறாயே பாவி என்றால், அவர்களுக்கும் நெய்க் கதையை ஆரம்பித்துவிடுவாள். வெயிலுக்கு நான் போடும் கறுப்புக் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் காற்றுப் போகாமல் தோல் வைத்துத் தைத்தாள். அதைப் போட்டால் ஜட்கா வண்டிக் குதிரை மாதிரி இருப்பேன். இருந்தால் என்ன, புழுதி வராது. சிவப்பு வடிந்தது. காலையில் இமை ஒட்டவில்லை. மலைக்கோபுரம் வீட்டு வாசலிலிருந்தே தெளிவாகத் தெரிந்தது.

கிருத்திகைக்கு முன்னால் முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டியை எடு என்றார். பொழுது சாயும் நேரமாகப் பார்த்துத்தான் கூட்டிப் போனார். கனகம்மாசத்திரம் வளைவு வந்தது. தூரத்தில் ஒரு மாட்டுவண்டி. நான் சிமிட்டினேன், பார்த்தேன். இரண்டு மாடு, வலது மாட்டுக்கு நெற்றியில் வெள்ளைச் சுழி. வேகத்தைக் குறைத்து ஒதுங்கினேன். முதலாளி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"வெள்ளச் சுழி மாடு, பாத்தீங்களா?" என்றேன்.

"எனக்கே தெரியலடா. நாளைக்கி டூட்டிக்கு வந்துரு" என்றார்.

அது முதல் வண்டியில் ஒரு புது வழக்கம். கனகம்மாசத்திரத்தில் பிரயாணிகள் டீ குடிக்க இறங்கும்போது, முனிரத்னம் ஒரு தகரக் குவளையில் காய்ச்சி ஆறிய நீரை ஊற்றி, கரி டிரம்மின் மூடிமேல் வைத்துவிடுவான். நொடியில் சுட்டுவிடும். நான் சீட்டில் சாய்ந்து துணியைக் கண்மேல் வைத்துக்கொள்வேன். கண்ணைக் கெடுத்த அந்த டிரம்மே எனக்கு ஒத்தடமும் கொடுக்கிறது. "பாவா, நெய் உருகுச்சா? ரைட் சொல்லட்டா?" என்று முனிரத்னம் பின்னாலிருந்து கத்துவான். பஸ் முழுக்கச் சிரிக்கும்.

ஆடிக் கிருத்திகையன்று காலையிலிருந்து காவடிக் கூட்டத்தை ஏற்றி ஏற்றி இறக்கினேன். ஒருவர் மேலும் ஒரு கீறல்கூடப் படவில்லை. மதியத்துக்கு மேல் சாலையில் கூட்டம் கொஞ்சம் தணிந்ததும் முதலாளியே வண்டியை வாங்கிக்கொண்டு, போய்ச் சாமி பார்த்துவிட்டு வா என்றார். மங்கா அடிவாரத்தில் காத்திருந்தாள். கையில் ஒரு சின்னப் பட்டுத்துணி முடிச்சு. அவிழ்த்துக் காட்டினாள். வெள்ளிக் கண்மலர், இரண்டு. பத்தரிடம் தன் பழைய கொலுசைக் கொடுத்துச் செய்திருந்தாள்.

"குணமாவலியே, மங்கா" என்றேன்.

"நானும் சாமியாண்ட கேட்டுகினுதான் வந்தேன்" என்றாள். "சாமி, பாவா கண்ணத் தொறந்து வுட்டது உன் வேல. அத்த நீ செஞ்சிட்ட. தெனிக்கும் வெந்நி வெக்கறது என் வேல. அத்த நான் செஞ்சிக்கறேன். கணக்கு சரியாப் போச்சின்னு சொல்லிட்டேன்."

ஆயுசுக்கும் வெந்நீர் வைக்கிறேன் என்றவளுக்கு, படியேறும்போது கூட்டத்தில் வழி விலக்கிக்கொண்டே போனேன்.

சந்நிதியில் கண்மலரை வாங்கிச் சாத்தினார்கள். கற்பூரம் காட்டி, தட்டைக் கொண்டுவந்தார் குருக்கள். நான் இரண்டு கையையும் சுடரில் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எப்போதும் போல் தொட்டதும் கையை எடுக்கப் போனேன். பின்னால் கூட்டம் நெருக்கிற்று. மங்கா என் இரண்டு கையையும் பிடித்து, இமைமேலேயே அழுத்தி வைத்தாள்.

"எடுக்காத, பாவா" என்றாள். "சூடு உள்ள எறங்கட்டும்."